எல்லாருக்கும் பேப்பர் கப்

லலிதாக்கா வீட்டில் தேநீர் மூன்று வகைக் கப்பில் போகும். தங்கக் கரை வைத்த பீங்கான் கப் வெள்ளையருக்கும், டொக்ரர்மாருக்கும், கோயில் நிர்வாக சபையாருக்கும். பூப்போட்ட மக் வீட்டாருக்கும் சொந்தக்காரருக்கும். மூன்றாவது வகை, குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில் பிளாஸ்ரிக் உறை பிரித்தபடி கிடக்கும் பேப்பர் கப்.

நானும் தம்பி குகதாசனும் லண்டனில் நோர்பரியிலிருந்த அந்த வீட்டின் மேல்மாடியில் இரண்டு சின்ன அறைகளில் இருந்தோம். லலிதாக்கா எங்கள் பெரியம்மாவின் மகள். அவருடைய கணவர் சபாரத்தினம் அத்தான் கணக்காளர். தமிழர் சமவுரிமைக் குழு என்று அந்தப் பகுதியில் இயங்கிய சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். குழுவின் பெயர்ப்பலகை வரவேற்பறையில், பீங்கான் கப்புகள் இருந்த கண்ணாடி அலுமாரிக்கு மேலே மாட்டியிருந்தது.

எனக்கு எதையும் உடனே முடிவுகட்ட வராது. பேப்பர் கப் யாருக்குப் போகிறது என்று கொஞ்சக் காலம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுதண்ணீர்க் கொதிகலன் திருத்த வந்த அயர்லாந்துக்காரருக்குப் போனது. பார்சல் கொண்டுவந்த கானா நாட்டுக்காரருக்குப் போனது. மின்சார மீற்றர் பார்க்க வந்த ஆங்கிலேயர் வாசலில் நின்றபடி ஒரு வாய் தண்ணீர்தான் கேட்டார். அவருக்குப் பீங்கானில் தேநீர் போனது. சனிக்கிழமைகளில் தன் வான் வண்டியில் மீன் கொண்டுவந்து விற்கும் செபமாலைமுத்து அண்ணைக்குப் பேப்பர் கப். அவர் யாழ்ப்பாணத்தில் கடற்கரை ஊர்க்காரர். எங்கள் தமிழைத்தான் பேசுகிறார், லண்டனுக்கு அத்தானுக்கு முன்னரே வந்தவர், குழுவின் துண்டுப்பிரசுரங்களை மழையில் நனைந்து வீடு வீடாகக் கொடுப்பவரும் அவர்தான். அவருக்கு ஏன் பேப்பர் கப் என்று அக்காவிடம் கேட்டேன்.

“கழுவுற வேலை மிச்சம் பிள்ளை, வேறென்ன?” என்றார் அக்கா.

அந்த வீட்டில் பாத்திரம் கழுவ மெசின் இருந்தது.

புதன்கிழமைகளில் நான் மாலை வகுப்புக்குப் போவேன். பாடம் சமூகவியல். 1992 இலையுதிர் காலத்தில் எங்கள் ஆசிரியை மிஸ் பென்ரோஸ் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார். உச்சியில் வெள்ளையர், நடுவில் ஆசியர், அடியில் கறுப்பர். இதுதான் பிரித்தானியா என்றார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பி, ஆசியப் பெண்ணாக என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார். ஆசியா முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு வாராவாரம் எனக்குத்தான். பின்வாங்கிலிருந்த அயர்லாந்துப் பெண் ஒருத்தி, “நாங்கள் எந்தத் தட்டில்?” என்று கேட்டாள். மிஸ் பென்ரோஸ் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்தார்.

முக்கோணத்தை அப்படியே பார்த்து வரைந்தேன். ஆனால் அது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நடுத்தட்டை மட்டும் பிரித்துப் பார்த்தேன். நாங்கள் இந்தியத் தமிழரைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறோம். அவர்கள் எங்களை அகதிகள் என்கிறார்கள். எங்களுக்குள் யாழ்ப்பாணத்தார், வன்னியார், மட்டக்களப்பார், மலையகத்தார். யாழ்ப்பாணத்தாருக்குள் இன்ன ஊர், ஊருக்குள் இன்ன குறிச்சி. யாரையாவது புதிதாகக் கண்டால் அத்தான் முதலில் கேட்பது, “ஊரிலை எவடம்?” என்பதுதான். பதிலைப் பொறுத்துத்தான் கப் வரும். வரைந்து முடிவதற்குள் தாள் போதாமல் போய்விட்டது.

குகனுக்கு அப்போது இருபது வயது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். லண்டன் வீதியில் யோகராஜா அண்ணை கொம்பனியிடம் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, பட்டனை அமத்திப் பம்பைப் போட்டுவிட்டுக் காசு வாங்குவது அவன் வேலை. யோகராஜா அண்ணை சமவுரிமைக் குழுவின் பொருளாளர்.

ஒக்ரோபர் மாதம் ஒரு பின்னேரம் இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்கள் காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டுக் காசு கொடுக்காமல் புறப்பட்டார்கள். குகன் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்றான். அவர்கள் இறங்கி, அவனுடைய நிறத்தையும் நாட்டையும் சேர்த்து ஏதோ சொல்லி, போத்தலால் முகத்தில் அடித்தார்கள். நாட்டைத் தவறாகத்தான் சொன்னார்களாம். கீழே விழுந்தவன் கையில் அகப்பட்டது கார்க் கண்ணாடி துடைக்கும் தடி. அதை வீசினான். ஒருவனுக்கு மூக்கு உடைந்தது.

பொலிஸ் வந்தது. மூக்கு உடைந்தவன் ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொன்னான்: காசு எடுக்கக் காருக்குள் குனிந்தோம், இவன் பைத்தியம் பிடித்தவன்போல் தடியோடு பாய்ந்தான், தற்காப்புக்குத்தான் போத்தலை எடுத்தோம். குகன் இரத்தம் வடிய உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான். யாருடைய ஆங்கிலம் நன்றாக இருந்ததோ அவனை வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். மற்றவனைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், காயப்படுத்தினான் என்று வழக்குப் பதிந்தார்கள். ஷெட்டின் கமராவைப் பார்க்கலாம் என்று குகன் சொல்லியிருக்கிறான். பார்த்தார்கள். அது வெறும் கூடு. யோகராஜா அண்ணை கள்ளரை வெருட்டுவதற்காக வாங்கி மாட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை.

லோயர் எங்களுக்கு ஒளிக்காமல் சொன்னார். இந்த வழக்கில் தண்டனை பதிவானால் அது அகதி விண்ணப்பத்தோடு சேர்ந்து போகும். பிறகு இவன் இந்த நாட்டில் இருப்பது கஷ்டம். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் இவனுக்கு என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. “யாராவது கண்டவர்கள் இருக்கிறார்களா?” என்று மட்டும் கேட்டார்.

குகன் யோசித்துச் சொன்னான். “ஒரு கறுப்பு மனிசி காசு கட்டுற ஜன்னலடியிலை நிண்டது.”

சமவுரிமைக் குழு உற்சாகமாகிவிட்டது. இனத்துவேஷத்துக்கு எதிராகத் தொடங்கிய குழு. காட்டுவதற்கு ஒரு காயம் இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. குகனின் வீங்கிய கண்ணை நான்கு கோணத்தில் படம் எடுத்தார்கள். யோகராஜா அண்ணை தன் செலவில் சுவரொட்டி அடித்தார். “கண்ணைக் கொஞ்சம் திற தம்பி. இல்லை இல்லை, திறக்காதை, அப்பிடியே இரு, அதுதான் நல்லாயிருக்கு,” என்று அத்தான் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது குழு அல்ல, செபமாலைமுத்து அண்ணைதான். “மீனைத் தலையோடை கேட்டு வாங்கிற மனிசி ஒண்டு இருக்கு. தலையை வெட்டினா ஏசும். அதுவும் அந்த ஷெட்டிலைதான் பெற்றோல் அடிக்கிறது. கேட்டுப் பாக்கிறன்,” என்றார். கேட்டார். அவர்தான். மிஸஸ் அகஸ்டின்; கரீபியனில் சென்ற் லூசியா என்ற தீவிலிருந்து வந்து, முப்பது வருடமாக ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர்.

அத்தான் அவரையும் செபமாலைமுத்து அண்ணையையும் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு அழைத்தார். கவுன்சிலர் மிஸ்டர் பார்லோவையும் அழைத்தார். கறுப்பரும் ஆசியரும் ஒன்றுபட்டு நிற்பதை ஒரு வெள்ளையர் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஒன்றுபட்டதற்கு என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை குசினியில் அக்கா தட்டத்தை ஆயத்தம் செய்தார். குகனுக்கும் சேர்த்து நான்கு பீங்கான் கப். இரண்டு பேப்பர் கப். பேப்பர் கப் இரண்டும் யாருக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“அக்கா, அந்த மனிசிதான் குகனைக் காப்பாத்தப்போகுது,” என்றேன்.

“அதுக்கென்ன இப்ப? தேத்தண்ணி ஒரே தேத்தண்ணிதானே. ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டு விடு.”

“கப்?”

“சிவமலர், உனக்கு வகுப்புக்குப் போய்ப் போய்த் தலை பழுதாப்போச்சு. நாளைக்கு அந்தக் கப்பிலை நான் கோயில் ஐயருக்குக் குடுக்கிறேல்லையோ?”

வாசல் மணி அடித்தது. அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு போனார். நான் தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் துணிச்சல்காரி இல்லை. அந்த வீட்டில் எங்களுக்கு இரண்டு அறை. அது அக்கா போட்ட பிச்சை. பீங்கானில் எல்லாருக்கும் ஊற்றலாம் என்று முதலில் நினைத்தேன். நினைத்தவுடன் பயம் வந்தது. மிஸஸ் அகஸ்டின் குடித்த கப்பையும் செபமாலைமுத்து அண்ணை குடித்த கப்பையும் பிறகு அக்கா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே மற்றப் பக்கத்தால் போனேன். பீங்கான் கப்புகளைத் திரும்ப வைத்துவிட்டு ஆறு பேப்பர் கப்பில் ஊற்றினேன். இதைத் தீரம் என்பதா, கோழைத்தனத்திலேயே ஒரு கெட்டித்தனம் என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

மிஸ்டர் பார்லோ முதலில் எடுத்தார். “அருமை, மிகவும் எளிமை,” என்றார். அத்தானின் முகம் சுவரொட்டியிலிருந்த குகனின் முகம்போல ஆனது. யோகராஜா அண்ணை கப்பின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து, றோட்டில் கிடந்ததை எடுத்தவர்போல் தூக்கினார். அக்கா கதவடியில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செபமாலைமுத்து அண்ணை தன் கப்பைப் பார்த்தார். சுற்றிவர எல்லார் கையையும் பார்த்தார். தட்டத்தை நீட்டிக் குனிந்த என் காதடியில் மெல்லக் கேட்டார்.

“என்ன பிள்ளை, இண்டைக்கு எல்லாரும் என்ர ஆக்களோ?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டத்தால் வாயை மறைத்துக்கொண்டேன்.

மிஸஸ் அகஸ்டின் தடித்த, உயரமான பெண். தேவாலயத்திலிருந்து நேரே வந்ததால் தொப்பி போட்டிருந்தார். அத்தான் எழுந்து நின்று, கறுப்பு மக்களும் தமிழ் மக்களும் ஒரே துன்பத்தின் பிள்ளைகள் என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சுப் பேசினார். மிஸ்டர் பார்லோ தலையாட்டினார். மிஸஸ் அகஸ்டின் ஒரு வாய் தேநீர் குடித்தார்.

“எனக்குப் பேச்சுத் தெரியாது,” என்றார். “உங்கள் ஆட்களுக்குக் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, உங்களை யாரும் தொடுவதில்லை என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கண்டேன். சாட்சி சொல்வேன். ஒரு நைஜீரியனுக்கு என்றால் யோசித்திருப்பேன். என் வீட்டுக்கு மேலே இருக்கிறார்கள். சத்தம் தாங்காது. ஆபிரிக்கர்களுக்கு ஒழுங்கு தெரியாது.”

மிஸ்டர் பார்லோ தன் தேநீருக்குள் பார்த்தார். இந்த இடத்துக்கு அவரிடம் துண்டுப்பிரசுரம் இருக்கவில்லை. எனக்கோ மிஸ் பென்ரோஸின் முக்கோணத்துக்கு அடியில் இன்னொரு தட்டு திறந்தது.

“நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், மேடம்,” என்றார் அத்தான்.

“நான் ஜன்னலடியில் நின்றேன். காசு கையில். ஏனென்றால் இந்தப் பையன்” – மூலையில் கண் கட்டோடு இருந்த குகனைக் காட்டினார் – “எனக்குப் பம்பைப் போடவில்லை. எனக்கு ஒருநாளும் போடுவதில்லை. முதலில் காசு என்று மைக்கில் சொல்வான். எனக்குப் பின்னால் வந்தார்கள் அந்த இரண்டு பேரும். இன்னும் காரை விட்டு இறங்கி முடியவில்லை, அவர்களுடைய பம்பில் வெளிச்சம் வந்துவிட்டது. நான் காசோடு காத்துக்கொண்டு நிற்கிறேன், அவர்கள் பெற்றோல் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டேன். முதல் அடித்தது போத்தல்காரன். இந்தப் பையன் விழுந்த பிறகுதான் தடியை எடுத்தான். இதைத்தான் எழுதிக் கொடுப்பேன்.”



“மிகவும் நன்றி,” என்றார் அத்தான். “போத்தல், விழுந்தது, தடி. அது போதும். மற்றப் பகுதி தேவையில்லை.”

“எந்தப் பகுதி?”

“அந்த... காசு முதலில் என்ற பகுதி.”

“அது இல்லாவிட்டால் நான் ஏன் அங்கே அவ்வளவு நேரம் நின்றேன்? ஜன்னலை ரசித்துக்கொண்டா?”

யோகராஜா அண்ணை குறுக்கிட்டார். “மேடம், அது கொம்பனிச் சட்டம். எல்லாருக்கும் பொது.”

“அப்படியா?” மிஸஸ் அகஸ்டின் குகனைப் பார்த்தார். “எல்லாருக்கும் பொதுவா, மகன்?”

குகன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் இரவு சாப்பிடும்போது சொன்னதும் ஞாபகம் வந்தது. யோகராஜா அண்ணை அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: “கறுவல் வந்தா முதல் காசு. வெள்ளையள் வந்தா பட்டனை அமத்து. எங்கட ஆக்கள் எண்டா ஆளைப் பாத்துச் செய்.” நான் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு சோறு தின்றேன்.

அத்தான் தமிழுக்கு மாறினார். விருந்தாளிகளுக்கு விளங்கக்கூடாத விஷயங்களுக்காகவே தமிழ் இன்னும் அந்த வீட்டில் உயிரோடு இருந்தது. முகத்தில் புன்சிரிப்பை வைத்துக்கொண்டே, “உது வெளியிலை போனா குழு முடிஞ்சுது,” என்றார்.

“குழு கிடக்கட்டும், என்ர ஷெட் முடிஞ்சுது,” என்றார் யோகராஜா அண்ணை. அவரும் புன்சிரிப்போடுதான். “கொம்பனிக்காரன் அறிஞ்சானெண்டா அடுத்த மாசம் வேற ஆளிட்டைக் குடுத்திடுவான்.”

“பெடியன்ர வழக்கு?” என்று கேட்டார் செபமாலைமுத்து அண்ணை. அவர் சிரிக்கவில்லை.

“அதை லோயர் பாப்பார். வேற சாட்சி தேடலாம்.”

“எங்கை தேடுறது? உவர்ர கமராவிட்டையோ?”

“நீர் கொஞ்சம் பேசாமல் இரும், முத்து. இது நிர்வாக விஷயம்.”

“ஓம், ஓம். நான் நோட்டீஸ் குடுக்கிற ஆள்தானே.” அவர் கப்பைத் தூக்கி மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

அத்தான் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். குழு இதை ஆழமாகப் பரிசீலிக்கும், மேடத்தின் ஒத்துழைப்பை என்றும் மறவாது என்றார். மிஸ்டர் பார்லோ, இது சிக்கலான விடயம், இன சமத்துவம் எப்போதும் சிக்கலானது என்று சொல்லி மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினார். மிஸஸ் அகஸ்டினுக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவர் இந்த நாட்டில் முப்பது வருடம் மற்றவர்களின் புன்சிரிப்புகளைப் பார்த்தவர்.

நான் அவரைக் கார்வரை கொண்டுபோய் விட்டேன்.

“தேநீர் நன்றாக இருந்தது,” என்றார். “அந்தக் கண்ணாடி அலுமாரிக்குள் அழகான கப்புகள் இருக்கின்றனவே, அவை யாருக்கு?”

“மகாராணி வந்தால்,” என்றேன்.

“வந்தால் அவருக்கும் பேப்பரில் கொடு.” கார்க் கதவைத் திறந்தார். “நாளைக்குப் பகல் எனக்கு வேலை இல்லை. லோயரிடம் வருகிறேன். உன் தம்பியும் வர வேண்டும். நான் அங்கே ஏன் நின்றேன் என்று அவன் வாயால் முதலில் சொல்லட்டும். பிறகு நான் சொல்கிறேன். அவன் பொய் சொன்னால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன். என்னைக் கள்ளி என்று பார்க்கிறவனுக்காகக் கோர்ட்டில் ஏற எனக்கு விசரில்லை.”

மேலே குகன் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“சொன்னா வேலை போகும்,” என்றான்.

“சொல்லாட்டி நாடு போகும்.”

“எல்லாரும்தான் அப்பிடிச் செய்யிறவை அக்கா. மற்ற ஷெட்டுகளிலை நிக்கிற எங்கட பெடியளைக் கேளுங்கோ. நான் மட்டும் என்ன பாவம் செய்தனான்? அண்ணை சொன்னதைத்தானே செய்தன்.”

“அந்த ரெண்டு பேருக்கும் பம்பைப் போடச் சொல்லி அண்ணை அண்டைக்குப் பக்கத்திலை நிண்டவரோ?”

அவன் திரும்பிப் பார்த்தான். ஒரு கண்தான் தெரிந்தது. “ஆர் எண்டும் பாக்கேல்லை. கார் வந்து நிக்கேக்கையே அமத்தீட்டன். வெள்ளையள்தானே எண்டு.” போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான். “ரெண்டு பேரும் வெறியிலை நிண்டவங்கள். தள்ளாடினவங்கள். அதுவும் கண்டனான் அக்கா. அந்த மனிசி கையிலை காசை நீட்டிக்கொண்டு நிக்குது. நான் அதைக் கவனமாப் பாத்துக்கொண்டிருந்தன், எதையாவது களவெடுத்துப்போடும் எண்டு.”

அவனுடைய முகத்தில் அடித்தவர்கள் அவனை அடியில் வைத்தார்கள்; அவனோ அவர்களை உச்சியில் வைத்துக் காத்திருந்தான். மிஸ் பென்ரோஸ் இதைக் கேட்டிருந்தால் கரும்பலகையை அழித்திருப்பாரா என்று யோசித்தேன். அழித்திருக்க மாட்டார். என் அனுபவத்தைத்தான் கேட்டிருப்பார்.

“வெளிக்கிடு நாளைக்கு,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

லோயரின் அறையில் மூன்று கதிரைகள். மிஸஸ் அகஸ்டின் தொப்பி இல்லாமல் வந்திருந்தார். குகன் எழுந்து நின்றுதான் பேசினான். இரவு முழுவதும் பாடமாக்கிய ஆங்கிலம்.

“மேடம், முதலாளி சொன்னபடி செய்தேன். ஆனால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.”

அவர் ஒரு கதிரையை அவன் பக்கம் தள்ளினார். “முதலாவது உன் முதலாளியுடையது. அதை அவரிடமே கொடு. இரண்டாவது போதும். இரு.”

லோயருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேனையை வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்தார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றார். சிநேகிதியாக இருந்தால் பொய் சொல்கிறாள் என்பார்கள். இவர் உங்களில் கோபமுள்ளவர், உங்களைக் குற்றம் சொல்கிறவர். ஆகவே இவர் சொல்வது உண்மை.

அப்படியே நடந்தது. பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் வாக்குமூலத்தை வாசித்தார். போத்தல் என்ற சொல்லில் அவர் முகம் மாறவில்லை. ஆசியப் பையன் கறுப்புப் பெண்ணை அவமதித்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார், கண்ணில் வெளிச்சம் வந்தது. “ஆக உங்களுக்குள்ளேயும் இருக்கிறது,” என்றார். வெகுகாலமாகத் தேடியதைக் கண்டெடுத்தவரின் நிம்மதி. அதன் பிறகு அவர் மிஸஸ் அகஸ்டினுக்கு மிகவும் மரியாதை காட்டினார். ஒரு கறுப்புப் பெண்ணின் சொல்லை அந்த நிலையம் நம்புவதற்கு, அவர் இன்னொரு நிறத்தவனைக் குறை சொல்ல வேண்டியிருந்தது. குகன் மீதான வழக்கைக் கைவிட்டார்கள். அந்த இரண்டு பேர் மீதும் வழக்குப் போடப் போதிய முகாந்திரம் இல்லையாம்.

சமவுரிமைக் குழு தன் செய்தி மடலில், குழுவின் இடைவிடாத முயற்சியால் தமிழ் இளைஞர் விடுதலை என்று போட்டது. அத்தானும் யோகராஜா அண்ணையும் மிஸ்டர் பார்லோவும் கைகொடுக்கும் படம். வாக்குமூலம் கொடுத்தவர் “அயலவர் ஒருவர்”. குகனுக்கு வேலை போனது. அந்த வாரமே அத்தான் எங்களைக் கூப்பிட்டு, கனடாவிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள், மேல் அறைகள் தேவைப்படும் என்றார். கனடாவிலிருந்து யாரும் வரவில்லை என்று பிறகு அறிந்தேன். அக்கா வழியனுப்பும்போது, “உன்னாலை அவருக்கு வெளியிலை தலை காட்டேலாது,” என்றார். வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு வெள்ளையர் அந்த வீட்டில் பேப்பர் கப்பில் குடித்துவிட்டார்.

இல்ஃபோர்டில் ஓர் அறை எடுத்தோம். சாமான் ஏற்ற செபமாலைமுத்து அண்ணை வானோடு வந்தார். மெத்தை, பெட்டிகள், புத்தகங்கள் எல்லாம் மீன் மணத்தோடு ஏறின. லண்டன் வீதியில் வான் நின்றது.

“பெற்றோல் முடியப்போகுது பிள்ளை. உவற்றை ஷெட்டிலைதான் அடிக்கவேணும்.”

“அடியுங்கோ அண்ணை,” என்றேன்.

ஷெட்டில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. எல்லா வாடிக்கையாளரும் முதலில் காசு கட்டவும். லோயரின் கடிதம் கொம்பனிக்குப் போயிருக்கிறது. கொம்பனி விளக்கம் கேட்டிருக்கிறது. யோகராஜா அண்ணை சமத்துவத்தைக் கொண்டுவந்துவிட்டார். கறுப்பரைக் கள்ளராகப் பார்க்கக்கூடாதென்றால் எல்லாரையும் அப்படியே பார்ப்பது.

எங்களுக்கு முன்னால் கழுத்தில் ரை கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் ஜன்னலில் கத்திக்கொண்டிருந்தார். “என்னைப் பார்த்தால் கள்ளன்போல் இருக்கிறதா? இருபது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன்!” கண்ணாடிக்குப் பின்னால் யோகராஜா அண்ணையே இருந்தார். “நோ சேர், சொறி சேர்,” என்று சொல்லிக்கொண்டே கை தானாகப் போய்ப் பட்டனை அமத்தியது. பம்பில் வெளிச்சம் வந்தது. சமத்துவம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

செபமாலைமுத்து அண்ணை வழக்கப்படி காசைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப்போனார்.

“நீங்கள் பம்படியிலை நில்லுங்கோ அண்ணை. நான் போறன்.”

ஜன்னலடியில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர். யோகராஜா அண்ணை என்னைக் கண்டார், வானைக் கண்டார், வானின் பக்கத்தில் நின்றவரைக் கண்டார். பலகையைக் காட்டினார்.

“எழுதியிருக்குத்தானே, தங்கச்சி.”

“ஓம் அண்ணை, வாசிச்சனான். இப்ப போனவர் வாசிக்கேல்லைப் போலை.”

அவர் திரும்பவும் பலகையைக் காட்டினார். திரும்பிப் போய்விடலாமா என்று எனக்கு வந்தது. காசு என் கைப்பைக்குள் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு கணம் போதும். நான் எடுக்கவில்லை. பின்னால் நின்ற கறுப்பு இளைஞன், என்ன தாமதம் என்று கேட்டான். “பலகை எல்லாருக்குமா, சிலருக்கா என்று இவர் யோசிக்கிறார்,” என்று ஆங்கிலத்தில், மைக்குக்குக் கேட்கும்படி சொன்னேன்.

பம்பில் வெளிச்சம் வந்தது. செபமாலைமுத்து அண்ணை அதை நம்பாமல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, ஆறுதலாக, பெற்றோல் ராங்க் நிரம்பும்வரை அடித்தார்.

பிறகு காசு கொடுத்தேன். யோகராஜா அண்ணை மிச்சத்தை என் கையில் வைக்கவில்லை. செபமாலைமுத்து அண்ணைக்குப் போடுவதுபோலத் தட்டில் போட்டு, தட்டைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார். லலிதாக்காவின் தங்கைக்கு அவர் அப்படிக் கொடுத்தது அதுதான் முதல்தடவை. நான் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வானுக்கு நடந்தேன்.